ஆன்டிகனி நாடகம்: கிரியான் சரியாக எந்த இடத்தில் தவறினான்?

நாடகப்பித்தன் எழுதியது:

ஆன்டிகனி என்றாலே 'மனசாட்சிக்காக அரசை எதிர்த்த வீராங்கனை' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். கிரியான் கொடுங்கோலன், அவ்வளவுதான். அப்படிப் பிரித்துவிட்டால் அப்புறம் நாடகத்தைப் படிக்கவே தேவையில்லை. கி.மு. 441 வாக்கில் ஏதென்ஸ் நகரத்து டயோனிசஸ் விழாவில் சோஃபோக்ளீஸின் இந்த நாடகத்தைப் பார்த்த கூட்டம் அப்படித்தான் பார்த்திருக்குமா என்பது என் சந்தேகம்.

கதை மறந்தவர்களுக்காக: ஈடிபஸின் மகன்கள் இருவர். எடியோக்ளீஸ் தீப்ஸ் நகரத்தைக் காத்து நிற்கிறான், பாலினைசிஸ் ஆர்கோஸ் படையைக் கூட்டிக்கொண்டு சொந்த ஊரையே எரிக்க வருகிறான். இருவரும் ஒருவர் கையால் ஒருவர் சாகிறார்கள். ஆட்சி தாய்மாமன் கிரியானிடம் வருகிறது. அவன் போடும் முதல் ஆணை: ஊரைக் காத்தவனுக்கு முழு மரியாதையோடு அடக்கம், எரிக்க வந்தவனுக்கு ஒரு பிடி மண்கூடக் கிடையாது, நாயும் பறவையும் தின்னட்டும், மீறுகிறவனைக் கல்லால் அடித்துக் கொல்லுங்கள். சகோதரி ஆன்டிகனி மீறுகிறாள்.

இப்போது கிரியானின் முதல் உரையைப் படித்துப் பாருங்கள். சொந்த நாட்டைவிட வேண்டியவன் ஒருவனைப் பெரிதாக நினைப்பவனை நான் ஒரு பொருட்டாகவே மதிக்கமாட்டேன், நாடு என்கிற கப்பல் நிமிர்ந்து மிதந்தால்தான் நமக்கு நட்பே உண்டு என்கிறான். இதில் என்ன தப்பு? சுமார் 100 ஆண்டு கழித்து, கி.மு. 343 இல், ஏதென்ஸின் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் தன் எதிரி ஈஸ்கினிஸ் மேல் வழக்காடும்போது இதே வரிகளைத்தான் நீதிமன்றத்தில் வாசிக்க வைக்கிறார். ஈஸ்கினிஸ் ஒரு காலத்தில் நடிகர், மூன்றாம் நிலை நடிகராக கிரியான் வேடம் கட்டியவர். 'மேடையில் நீ பலமுறை பேசிய இந்த நல்ல வரிகளை, தூது போன இடத்தில் ஏன் மறந்தாய்' என்பது டெமாஸ்தனிஸ் குத்திய குத்து. அதாவது கிரியான் பேச்சு அங்கே தேசபக்திக்கு உதாரணம்!

ஆகவே என் கேள்வி நேரடியானது. கொள்கை சரி என்றால் ஆள் எந்த இடத்தில் சறுக்கினான்? ஒரே நிபந்தனை, முதல் பதிலிலேயே ஜெர்மன் தத்துவஞானி ஹெகலை இழுக்காதீர்கள்.

பழைய வக்கீல் எழுதியது:

ஹெகல் வேண்டாம், சட்டத்திலிருந்தே தொடங்கலாம்.

துரோகிக்கு அடக்கம் மறுப்பது கிரியான் கண்டுபிடித்தது அல்ல. நாட்டைக் காட்டிக்கொடுத்தவனையும் கோயில் கொள்ளையடித்தவனையும் ஏதென்ஸுக்குச் சொந்தமான அட்டிகா மண்ணில் புதைக்கக் கூடாது, சொத்தையும் பறிமுதல் செய்ய வேண்டும் என்பது ஏதென்ஸின் சட்டம். வரலாற்றாசிரியர் செனஃபன் அதைக் குறித்திருக்கிறார். சலாமிஸ் கடற்போரில் நாட்டையே காப்பாற்றிய தெமிஸ்டாக்ளீஸ் பின்னால் துரோகி என்று முத்திரை குத்தப்பட்டு பாரசீக மன்னனிடம் அடைக்கலம் போய் அங்கேயே செத்தார். அவருடைய எலும்புகளை ஏதென்ஸ்காரர்களுக்குத் தெரியாமல் கொண்டுவந்து அட்டிகாவில் புதைத்ததாக அந்தக் குடும்பத்தார் சொல்லிக்கொண்டதை வரலாற்றாசிரியர் தூசிடிடிஸ் எழுதி வைத்திருக்கிறார். திருட்டுத்தனமாக ஏன் புதைக்க வேண்டும்? சட்டம் அப்படி. ஆக, நாடகம் பார்த்தவர்களுக்கு 'துரோகிக்குச் சொந்த மண் இல்லை' என்பது அதிர்ச்சியான செய்தியே இல்லை.

ஆனால் அந்தச் சட்டத்தின் எல்லையைக் கவனியுங்கள். 'எங்கள் மண்ணில் கூடாது' என்றுதான் அது சொல்கிறது. எல்லையைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தால் அரசுக்கு ஆட்சேபம் இல்லை. கிரியான் அங்கேதான் கோட்டைத் தாண்டுகிறான். உடலைத் தன் மண்ணிலேயே வைத்துக்கொண்டு, காவலும் போட்டு, அழுகுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்கிறான். புதைக்க இடம் தரமாட்டேன் என்பது தண்டனை. யாரும் எங்கேயும் புதைக்கக் கூடாது என்பது வேறு விஷயம், அது செத்தவனைத் தொடர்ந்து தண்டிப்பது. வழியில் பிணம் கிடந்தால் ஒரு பிடி மண்ணாவது போட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது அதே ஏதென்ஸின் வழக்கம். எதிரிப் படையின் பிணத்தைக்கூடப் போர் முடிந்ததும் தூதுவன் வந்து கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான், தவறு அந்த அளவில் இருக்கிறது.

குறுக்குக்கேள்வி எழுதியது:

//துரோகிக்குச் சொந்த மண் இல்லை, ஆனால் எல்லைக்கு வெளியே புதைக்கலாம்//

அப்படியானால் ஏதென்ஸில் குற்றவாளிகளைத் தள்ளிவிடும் பாரத்ரான் குழி எதற்கு? அங்கே போனவனுக்கு யார் மண் போட்டார்கள்? ரொம்ப நல்லவர்கள் மாதிரி எழுதுகிறீர்கள் வக்கீல் ஐயா.

பழைய வக்கீல் எழுதியது:

நல்லவர்கள் என்று நான் எங்கே சொன்னேன் தம்பி. பாரத்ரான் இருந்தது, பாரசீகத் தூதுவர்களையே அதில் தள்ளியதாக வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் சொல்கிறார். ஆனால் குழி என்பது கண்ணுக்கு மறைவான இடம். கிரியான் செய்வது ஊருக்கு வெளியே திறந்த சமவெளியில், பறவை கொத்திப் பலிபீடங்களுக்குத் தூக்கிப்போகும் தூரத்தில். இந்த வித்தியாசம் கதையின் பின்பாதியில் உயிர் எடுக்கப்போகிறது.

இன்னொன்று. பிணத்தைத் திருப்பித் தராமல் வைத்திருப்பது ஏதென்ஸ்காரர்களுக்கே நடந்தது. கி.மு. 424 இல் டீலியம் சண்டையில் தோற்றபோது, கோயிலை விட்டு வெளியேறினால்தான் உங்கள் பிணங்களைத் தருவோம் என்று தீப்ஸ் தலைமையிலான படை பிடிவாதம் பிடித்தது. 17 நாள் உடல்கள் வெயிலில் கிடந்தன. அதற்குக் கொஞ்ச காலத்துக்குள்ளேயே யூரிப்பிடிஸ் 'அடைக்கலம் கேட்ட பெண்கள்' நாடகத்தை மேடையேற்றினார் என்று கருதுகிறார்கள். அதில் ஏதென்ஸ் மன்னன் தீசியஸ் தீப்ஸோடு சண்டை போட்டுப் பிணங்களை மீட்கிறான், தன் கையாலேயே அவற்றைக் கழுவுகிறான். ராஜா பிணம் கழுவுவதா என்று கேட்பவனுக்கு அங்கே பதிலும் உண்டு. கிரியானையும் தீசியஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாடம் எழுத வேண்டியதில்லை.

திருச்சிக்காரி எழுதியது:

எல்லாரும் அரசு, சட்டம் என்றே பேசுகிறீர்கள், குடும்பத்தை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஈடிபஸ் இல்லை. தாய் யோகாஸ்டா தூக்கில் தொங்கிவிட்டாள். அண்ணன் தம்பி இருவரும் ஒரே நாளில் போய்விட்டார்கள். மிச்சம் இரண்டு பெண்கள். நெருங்கிய ஆண் உறவு யார்? தாய்மாமன் கிரியான்தான். (ஈடிபஸ் வீட்டில் உறவுமுறைக் கணக்குப் போட்டால் தலை சுற்றும், அதை விடுங்கள்.) ஹீமன் மாமன் மகன், ஆன்டிகனிக்கு நிச்சயம் செய்யப்பட்டவன். நம் ஊர் வாசகர்களுக்கு இந்த உறவின் கனத்தை விளக்கவே வேண்டாம்.

செத்தவனை அடக்கம் செய்வது உறவினரின் கடமை, தட்டிக்கழித்தால் ஊர் நிர்வாகி வந்து 'தூக்குங்கள்' என்று கட்டளை போடுவார், அப்படி ஒரு சட்டம் ஏதென்ஸில் இருந்ததை டெமாஸ்தனிஸ் பேரில் உள்ள ஒரு வழக்குரையிலேயே பார்க்கலாம். அந்தக் கணக்குப்படி பாலினைசிஸைப் புதைக்க வேண்டிய முதல் ஆள் கிரியான்! கடமைப்பட்டவனே தடை போடுகிறான். ஆன்டிகனி அரசை எதிர்க்கக் கிளம்பவில்லை, மாமன் செய்யாமல் விட்ட வேலையைக் கையில் எடுக்கிறாள். சகோதரி இஸ்மினி 'நாம் பெண்கள், ஆண்களோடு மோதப் பிறக்கவில்லை' என்று தயங்குவதும் அதனால்தான். அடக்கம் தப்பு என்று இஸ்மினி ஒரு வார்த்தை சொல்வதில்லை, பூமிக்குக் கீழே இருப்பவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒதுங்குகிறாள். கடமை எது என்பதில் அக்கா தங்கைக்குள் சண்டையே இல்லை. யார் செய்வது, உயிர் போனாலும் செய்வதா என்பதில்தான் பிரிகிறார்கள்.

அதனால் 'குடும்பமா அரசா' என்று தராசு பிடிப்பது எனக்கு ஒப்பவில்லை. கிரியான் இரண்டு தட்டிலும் உட்கார்ந்திருக்கிறான்.

மேடைவாசி எழுதியது:

கல்லூரியில் இந்த நாடகத்தைப் போட்டபோது எனக்குக் கிடைத்தது காவலாளி வேடம். ராஜா வேடம் கிடைக்காத வருத்தம் ஒத்திகையில் காணாமல் போய்விட்டது, ஏனென்றால் அரசு என்றால் என்ன என்று அந்த நாடகத்தில் உடம்பால் தெரிந்துகொள்பவன் காவலாளி ஒருவன்தான்.

அவன் முதல்முறை வரும் காட்சியைப் பாருங்கள். ஓடி வந்தேன் என்று சொல்ல முடியாது மன்னா, வழியில் நின்றேன், திரும்பினேன், மறுபடி வந்தேன் என்று இழுக்கிறான். பிணத்தின்மேல் யாரோ மண் தூவிவிட்டார்கள். மண்வெட்டி பட்ட தடம் இல்லை, வண்டிச் சக்கரம் போன தடம் இல்லை, தரை காய்ந்து இறுகிக் கிடக்கிறது. காவலாளிகள் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டு, பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பிடிக்கிறேன், தீயில் நடக்கிறேன் என்று சத்தியம் செய்கிறார்கள். கடைசியில் ராஜாவிடம் யார் போய்ச் சொல்வது என்று சீட்டுக் குலுக்குகிறார்கள், மாட்டியவன் இவன். ஒரு செய்தியை மேலே கொண்டுபோகச் சீட்டுக் குலுக்க வேண்டியிருக்கும் ஆட்சி அது, அதுவும் பதவியேற்ற முதல் நாளிலேயே!

கிரியான் என்ன செய்கிறான்? யார் செய்தது என்று விசாரிக்கவே இல்லை. எதிர்க்கட்சிக்காரர்கள் பணம் கொடுத்துக் காவலாளிகளை வாங்கிவிட்டார்கள் என்று தானே முடிவு கட்டுகிறான். ஆளைப் பிடித்துத் தராவிட்டால் உங்களை உயிரோடு தொங்கவிடுவேன் என்கிறான்.

இரண்டாவது முறை ஆன்டிகனியைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தும்போது காவலாளி சொல்வது: நான் தப்பித்தேன் என்பது சந்தோஷம், வேண்டியவர்களை மாட்டிவிடுவது வேதனை, ஆனால் என் உயிரைவிட எனக்கு எதுவும் பெரிதில்லை. இதைச் சொல்லும்போது அரங்கில் சிரிப்பு வரும். வர வேண்டும். ஆணை அமலாவது இந்த ஆள் வழியாகத்தான், அவனுக்கு அந்த ஆணைமேல் ஒரு துளி நம்பிக்கை கிடையாது.

நாடகப்பித்தன் எழுதியது:

மேடைவாசி தொட்ட இடம் முக்கியமானது. லஞ்சம்! நாடகம் முழுக்க யார் என்ன சொன்னாலும் கிரியானின் முதல் எண்ணம் அதுதான். காவலாளி பணம் வாங்கிவிட்டான். கண் தெரியாத முதிய குறிசொல்லி டைரீசியஸ் வந்து எச்சரித்தால் ஜோசியக்காரர் கூட்டமே காசு ஆசை பிடித்தது. சொந்த மகன் ஹீமன் பேசினால் அங்கே காசு என்று சொல்ல முடியாது, அதனால் 'பெண்ணுக்கு அடிமை'. மேடையில் நிற்கும் ஊர்ப் பெரியவர்கள் குழு 'ஒருவேளை இது தெய்வச் செயலோ' என்று மெல்ல இழுத்தால் வயதான காலத்தில் புத்தி கெட்டுவிட்டதா என்கிறான். சொன்ன விஷயத்துக்கு யாருக்கும் பதில் கிடையாது, சொன்ன ஆளின் நோக்கத்துக்குத்தான் பதில்.

ஹீமன் எவ்வளவு பணிவாகத் தொடங்குகிறான் தெரியுமா? அப்பா, நான் உங்கள் பிள்ளை என்று ஆரம்பித்து, வெள்ளத்தில் வளைகிற மரம் கிளையைக் காப்பாற்றிக்கொள்ளும், விறைத்து நிற்பது வேரோடு போகும் என்று சொல்லி, ஊர் இருட்டில் அந்தப் பெண்ணுக்காக அழுகிறது, உங்கள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை என்று தகவலும் கொடுக்கிறான். ஒரு ஆட்சியாளனுக்கு இதைவிட உபயோகமான உளவுச் செய்தி கிடையாது. பதில், வேறு யாருக்காகவோ நான் ஆள வேண்டுமா என்ற கேள்வி. 'ஒரு மனிதனுக்குச் சொந்தமானது நாடே அல்ல' என்று மகன் சொல்ல வேண்டியதாகிறது. ஆளில்லாத பாலைவனத்தை நீங்கள் தனியாக நன்றாக ஆள்வீர்கள் என்று அவன் சொல்வதும் இந்தச் சண்டையில்தான்.

குறுக்குக்கேள்வி எழுதியது:

எல்லாம் சரி, அடிப்படைக் கேள்வியை யாரும் தொடவில்லையே. எழுதப்படாத தெய்வச் சட்டம், நேற்று இன்று வந்ததல்ல, எப்போது தோன்றியது என்று யாருக்கும் தெரியாது என்று அவள் சொல்கிறாள். நாளைக்கு எவனாவது கோயிலை எரித்துவிட்டு என் தெய்வம் இப்படித்தான் சொன்னது என்றால்? கிரியானும் ஜீயஸ் பேரில்தான் சத்தியம் செய்கிறான். இரண்டு பேரும் ஒரே கடவுளைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் நீதிபதி யார்?

பழைய வக்கீல் எழுதியது:

தம்பி, இந்தக் கேள்வியை அரிஸ்டாட்டில் வக்கீல் கண்ணோடு பார்த்துவிட்டார், கொஞ்சம் குறும்பாகவே. பேச்சுக்கலை பற்றிய நூலில் ஆன்டிகனியின் வரிகளை இரண்டு இடத்தில் எடுக்கிறார். ஓரிடத்தில் எல்லா மனிதருக்கும் பொதுவான நியாயம் என்று ஒன்று உண்டு என்பதற்குச் சான்று. இன்னோர் இடத்தில் வழக்காடுபவனுக்கு யோசனை: எழுதிய சட்டம் உனக்கு எதிராக இருந்தால் எழுதாத சட்டத்தைப் பிடித்துக்கொள், ஆன்டிகனி சொன்னதை எடுத்துச் சொல். எழுதிய சட்டம் உனக்குச் சாதகமா, அப்போது சட்டத்தைவிட அறிவாளியாக நடக்கப் பார்ப்பது ஆபத்து என்று வாதாடு. நாற்பது வருடத் தொழிலில் நானும் இதைத்தான் செய்தேன், அவர் பேர் தெரியாமல்.

அதனால் 'எழுதாத சட்டம்' என்ற வாதம் தன்னளவில் எதையும் நிரூபிக்காது, அது அவர்களுக்கே தெரியும். சோஃபோக்ளீஸ் வெறும் கவிஞரும் அல்ல. கி.மு. 443-442 இல் ஏதென்ஸின் கூட்டணி நகரங்கள் கட்டிய கப்பப் பணத்தைப் பார்த்துக்கொண்ட பொருளாளர், சாமோஸ் போரில் பெரிக்ளிஸோடு தளபதி. ஆன்டிகனி பிடித்துப்போய்த்தான் அவரைத் தளபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பழைய குறிப்பு ஒன்று உண்டு. கதையாகவே இருக்கட்டும், ஆணை போடும் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுதிய நாடகம் என்பது மட்டும் உறுதி.

திருச்சிக்காரி எழுதியது:

'மனசாட்சி' என்ற பேச்சையே நான் கொஞ்சம் குலைக்கப் போகிறேன், மன்னிக்கவும்.

உயிரோடு அடைத்துவைக்கக் குகைக்குக் கூட்டிப்போகும் முன் ஆன்டிகனி கடைசியாகப் பேசுவதில் ஓர் இடம் இருக்கிறது, 905ஆம் வரியிலிருந்து. கணவன் செத்து அழுகிக் கிடந்தாலும், பெற்ற பிள்ளையே கிடந்தாலும், ஊரை மீறி இதைச் செய்திருக்கமாட்டேன் என்கிறாள். கணவன் போனால் இன்னொரு கணவன், பிள்ளை போனால் இன்னொரு பிள்ளை. அம்மாவும் அப்பாவும் மண்ணுக்குள் போன பிறகு இன்னொரு உடன்பிறப்பு எங்கிருந்து வரும்? இதுதான் அவள் சொல்லும் காரணம்.

ஜெர்மன் கவிஞர் கதே இதைப் படித்துவிட்டு மனம் பொறுக்காமல், யாராவது பண்டிதர் இந்த வரிகள் இடைச்செருகல் என்று நிரூபித்துவிட மாட்டார்களா என்று ஏங்கினார். ஆனால் அரிஸ்டாட்டிலே இவற்றை மேற்கோள் காட்டியிருக்கிறார், ஹெரடோட்டஸில் பாரசீகப் பெண்ணொருத்தி இதே வாதத்தைச் சொல்லி அண்ணன் தம்பியைக் காப்பாற்றிக்கொள்ளும் கதையும் உண்டு. என்ன, அங்கே ஆள் உயிரோடு இருக்கிறான், காப்பாற்ற முடியும். இங்கே பிணம். வாதம் கொஞ்சம் பொருந்தாமல்தான் நிற்கிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறது! சாகப்போகிறவள் நீதிமன்றத்தில் வாதாடுகிற மாதிரி சீராகப் பேசினால்தான் சந்தேகப்படுவேன்.

இந்த வரிகளை வைத்துக்கொண்டு பார்த்தால் அவள் எல்லா மனிதருக்குமான பொதுத் தர்மம் எதையும் தூக்கிப் பிடிக்கவில்லை. ஆர்கோஸ் படையில் செத்துக் கிடக்கும் மற்றவர்களைப் பற்றி ஒரு சொல் உண்டா? இல்லை. அவளுக்கு அவள் சகோதரன். குறுக்குக்கேள்வி பயப்படுகிற மாதிரி 'யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும்' என்று திறந்துவிடுகிற ஆள் அவள் கிடையாது, அவளுடைய விதிவிலக்கு ஒரே ஒரு ஆளுக்கு.

கரையோரம் எழுதியது:

தாமதமாக வந்ததற்கு மன்னிக்கவும், ஆனால் இத்தனை பதில் ஆன பிறகு ஹெகலைக் கொண்டுவரலாம் என்று நினைக்கிறேன். இரண்டு பக்கமும் நியாயம், இரண்டும் ஒருதலைப்பட்சம், ஒன்று குடும்பத்தின் தெய்வங்களைப் பிடித்துக்கொண்டு அரசை மறுக்கிறது, மற்றது அரசைப் பிடித்துக்கொண்டு குடும்பத்தை மறுக்கிறது, மோதி இரண்டும் உடைகின்றன. இதைவிடச் சுத்தமான விளக்கம் கிடையாது.

நாடகப்பித்தன் எழுதியது:

சுத்தமாக இருப்பதுதான் பிரச்சினை. இரண்டும் சமம் என்றால் டைரீசியஸ் எதற்கு வருகிறார்?

பார்வை இல்லாத முதியவர், சிறுவன் ஒருவன் கைபிடித்து வருகிறார். தத்துவம் எதுவும் பேசவில்லை, களநிலவரம் சொல்கிறார். பறவைகள் ஒன்றையொன்று கிழித்துக்கொண்டு புரியாத சத்தம் போடுகின்றன. பயந்துபோய்ப் பலி கொடுத்துப் பார்த்தால் தீ பற்றவில்லை, தொடைக் கொழுப்பு உருகிச் சாம்பலில் வழிந்து புகைகிறது. காரணம், நாயும் பறவையும் அந்த உடலைத் தின்றுவிட்டு வந்து ஊரின் பலிபீடங்கள் அத்தனையையும் நிறைத்துவிட்டன. உன் முடிவால் ஊருக்கு நோய் என்கிறார். வெளியே பிற நகரங்களும் கொதிக்கின்றன என்கிறார். பூமிக்கு மேலே இருக்க வேண்டியவளைக் கீழே தள்ளினாய், கீழே போக வேண்டியவனை மேலே வைத்திருக்கிறாய், இதுதான் குற்றப்பத்திரிகை.

கிரியான் எதன் பேரில் ஆணை போட்டான்? ஊரின் நலன். அந்த ஊரின் நலனே பிணத்தைப் புதைக்கச் சொல்கிறது! இங்கே அரசும் அறக்கடமையும் எதிரெதிர் திசையில் இழுக்கவே இல்லை, ஒரே பக்கம்தான் நிற்கின்றன. எதிரே நிற்பது ஒரு மனிதனின் ஆணை. அவன் தன் ஆணையையும் ஊரையும் ஒன்றாக்கிக்கொண்டான், நாமும் அவன் பேச்சை நம்பி 'அரசு எதிர் அறம்' என்று தலைப்புப் போடுகிறோம்.

மேடைவாசி எழுதியது:

முடிவில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது, ஒத்திகையின்போதுதான் கண்ணில் பட்டது. டைரீசியஸ் போன பிறகு கிரியான் நடுங்கிப்போய், என்ன செய்யட்டும் என்று பெரியவர்களைக் கேட்கிறான். அவர்கள் சொல்லும் வரிசை தெளிவாக இருக்கிறது: முதலில் போய் அந்தப் பெண்ணைக் குகையிலிருந்து விடுவி, பிறகு கிடப்பவனுக்குக் கல்லறை கட்டு. கிரியானும் நான் கட்டியதை நானே அவிழ்க்கிறேன் என்று கிளம்புகிறான்.

அப்புறம் தூதுவன் வந்து நடந்ததைச் சொல்லும்போது வரிசை தலைகீழ். முதலில் பாலினைசிஸிடம் போகிறார்கள். நாய்கள் கிழித்ததில் மிச்சம் இருந்ததைக் கழுவி, புதிதாய் ஒடித்த கிளைகளில் எரித்து, சொந்த மண்ணை உயரக் குவித்து முடித்துவிட்டுத்தான் குகைக்குப் போகிறார்கள். அதற்குள் அவள் துணியைச் சுருக்கிட்டுத் தொங்கிவிட்டாள். ஹீமன் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறான், அப்பனைப் பார்த்து வாளை உருவுகிறான், குறி தப்புகிறது, தன் விலாவிலேயே பாய்ச்சிக்கொள்கிறான். கேள்விப்பட்ட கிரியான் மனைவி யூரிடைஸியும் தற்கொலை செய்துகொள்கிறாள்.

எங்கள் இயக்குநர், பிணம் வழியில் கிடந்தது, அவ்வளவுதான் என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திருந்திய பிறகும் கிரியானுக்கு முதலில் ஊரின் தீட்டு, அப்புறம்தான் ஒரு பெண்ணின் உயிர். முழு மரியாதையோடு, நிதானமாக, சடங்கு பிசகாமல் செய்கிறான், குகைக்குள் ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்தும்.

குறுக்குக்கேள்வி எழுதியது:

ஊரின் தீட்டு முதலில் என்றால் அது சரியான ஆட்சியாளனின் முடிவுதானே? ஆயிரம் பேருக்கு நோய் வருமா, ஒருத்தி இன்னும் அரை மணி நேரம் இருட்டில் இருப்பாளா? அவள் தூக்குப்போடுவாள் என்று அவனுக்கு எப்படித் தெரியும், உள்ளே சாப்பாடு வைத்துத்தானே அடைத்தான்.

திருச்சிக்காரி எழுதியது:

சாப்பாடு வைத்தது கருணையினால் இல்லை தம்பி. பட்டினியில் செத்தால் கொலைப்பழி ஊருக்கு வரும், கொஞ்சம் உணவு வைத்துவிட்டால் 'நாங்கள் கொல்லவில்லை' என்று சொல்லிக்கொள்ளலாம். அவன் வாயாலேயே சொல்கிறான். முதலில் ஊரார் கூடிக் கல்லெறிந்து கொல்வது என்று இருந்த தண்டனை இப்படி ஏன் மாறியது? கல்லெறிய ஊர் கை தூக்க வேண்டும். தூக்காது என்று ஹீமன் சொல்லிவிட்டுப் போனான் இல்லையா.

நாடகப்பித்தனின் முதல் கேள்விக்கு நான் வருகிறேன். கிரியானை மட்டும் பிடித்து உலுக்குகிறோம், மேடையில் நுழைந்தது முதல் முடிவு வரை நிற்கிற அந்தப் பதினைந்து பெரியவர்களை யாரும் கேட்பதில்லை. ஆணையை அறிவித்தபோது 'உனக்கு அப்படித் தோன்றினால் செய், அதிகாரம் உன்னுடையது' என்று ஒதுங்குகிறார்கள். ஆன்டிகனி அவர்களைக் காட்டியே சொல்கிறாள், பயம் நாக்கைப் பூட்டாமல் இருந்தால் இவர்கள் எல்லாரும் நான் செய்ததைச் சரி என்பார்கள் என்று. அவர்கள் முன்னிலையிலேயே சொல்கிறாள், ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

ஆனால் ஓரிடத்தில் திறக்கிறார்கள். கோபத்தில் கிரியான் இஸ்மினியையும் சேர்த்துக் கொல்லப்போகிறேன் என்கிறான். 'இரண்டு பேரையுமா?' என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான், அவன் உடனே 'இல்லை, தொடாதவளை விட்டுவிடுகிறேன், நல்லதைச் சொன்னீர்கள்' என்று இறங்கிவிடுகிறான்! ஒரு கேள்வியில் ஓர் உயிர் தப்பியது. அடுத்த கேள்வியை ஏன் கேட்கவில்லை? கிரியான் வளையாத இரும்பு என்கிற படிப்புக்கு இந்த இடம் பொருந்தாது. கேட்க வேண்டியவர்கள் கேட்டால் வளைகிற ஆள்தான் அவன்.

கரையோரம் எழுதியது:

அது கொஞ்சம் அதிகம். கிரேக்க நாடகத்தில் அந்தக் குழு பாடும், வருந்தும், எச்சரிக்கும், கதையின் போக்கில் கை வைக்காது. மேடை மரபைக் குற்றமாக்கினால் எந்த நாடகத்திலும் அந்தக் குழு தப்பாது.

பழைய வக்கீல் எழுதியது:

மரபு உண்மை. ஆனால் இஸ்மினியைக் காப்பாற்றிய அந்தக் கேள்வியையும் டைரீசியஸ் போன பிறகு சொல்கிற யோசனையையும் அதே குழுவின் வாயில் வைத்தது சோஃபோக்ளீஸ்தானே. அவர்களால் போக்கை மாற்ற முடியும் என்று இரண்டு இடத்தில் காட்டிவிட்டு மற்ற இடங்களில் சும்மா நிற்க வைத்திருக்கிறார்.

அவருடைய 'ஏஜாக்ஸ்' நாடகத்திலும் இதே சிக்கல்தான், பிணம், துரோகி, புதைக்கக் கூடாது என்ற ஆணை. அங்கே முடிச்சு அவிழ்வது எப்படி? ஏஜாக்ஸின் ஜென்ம எதிரி ஒடீசியஸ், அதிகாரத்தின் பக்கமே நிற்பவன், அகமெம்னானிடம் போய் நானும் இவனை வெறுத்தேன், ஆனாலும் புதைக்க விடு என்று பேசுகிறான். அகமெம்னான் முணுமுணுத்துக்கொண்டே, இது உன் செயல் என்று சொல்லிக்கொள், அவனை நான் வெறுத்தபடியேதான் இருப்பேன் என்று விட்டுவிடுகிறான். மனம் மாறவே இல்லை, ஆணை மாறியது. எனக்கு அது போதும்.

நிஜ வாழ்க்கையில் கி.மு. 406 இல் ஆர்கினூசே கடற்போரில் ஜெயித்துவிட்டு, உடைந்த கப்பல்களில் கிடந்தவர்களைப் புயலால் மீட்காமல் விட்ட தளபதிகளை ஏதென்ஸ் சபை மொத்தமாக விசாரித்துக் கொன்றது, கையில் சிக்கிய ஆறு பேரை. தனித்தனியாக விசாரிக்க வேண்டும், துரோகிகளுக்கான சட்டத்தில்கூட முதலில் விசாரணை உண்டு என்று ஒருவர் வாதாடினார். நான் மேலே சொன்ன 'அட்டிகாவில் புதைக்கக் கூடாது' சட்டம் நமக்கு அந்தப் பேச்சில்தான் கிடைக்கிறது. தீர்மானம் சட்டவிரோதம், வாக்கெடுப்புக்கு விடமாட்டேன் என்று கடைசிவரை நின்ற சபைப் பொறுப்பாளர் சாக்ரடீஸ். தளபதிகளைக் காப்பாற்ற முடியவில்லை, கூட்டம் கத்திச் சாதித்துக்கொண்டது. அங்கே ராஜாவே கிடையாது, பார்த்தீர்களா. கிரியான் வேலையை மக்களாட்சியே செய்து முடித்தது.

ஆகவே கரையோரம் ஐயா, மரபு என்று சொல்லி அந்தப் பதினைந்து பேரைத் தப்பவிட எனக்கு மனமில்லை. ஆணையை மீறுகிற மனசாட்சிதான் வேண்டும் என்றால் ஆன்டிகனியைவிட சோஃபோக்ளீஸின் 'பிலாக்டீடிஸ்' பொருத்தம், கி.மு. 409 இல் முதல் பரிசு வாங்கிய நாடகம், படை மொத்தமும் எதிர்க்கும் என்று மிரட்டியும் ஏமாற்றி வாங்கிய வில்லை இளைஞன் நியோப்டாலமஸ் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். அதற்கு நாடகப்பித்தன் தனி இழை தொடங்கட்டும், இங்கேயே போட்டால் குறுக்குக்கேள்வி பாரத்ரானைத் திரும்ப இழுப்பார்.